அரசியல் கலவாத ஜெபக்குறிப்பு

கன்மலைத் தொனி சபைக்கு, அரசாங்கத்தின் மாவட்ட அலுவலகமான பிரிபெக்சரிலிருந்து கடிதம் வந்தது ஜனவரி மாதத்து ஒரு புதன்கிழமை. பயப்படும்படி அதில் ஒன்றுமே இல்லை. மதச் சங்கம் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று எல்லாருக்கும் போகிற கடிதம்தான். வழிபடுகிற மண்டபத்தில் அரசியல் கூட்டம் வைக்காதீர்கள், வேட்பாளருக்கு வாக்குக் கேட்காதீர்கள், துண்டுப்பிரசுரம் கொடுக்காதீர்கள். இப்படி ஒழுங்காக இருந்தால் உங்களுக்குக் காணிக்கை போடுகிறவர்களுக்கு வரிக்கழிவு உண்டு, மண்டபத்துக்கும் வரி இல்லை. இரண்டு பக்கத்தில் இவ்வளவையும் தெளிவாக எழுதி, கடைசியில் மரியாதையாகக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

சபை இருந்தது பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், முன்பு மீன் பெட்டி அடுக்கிவைத்த கிடங்கில். அங்கே பிரெஞ்சுக் கடிதத்தை அடி முதல் நுனி வரை வாசிக்கத் தெரிந்தவர் பிருந்தாபன் ஒருவர்தான். சென் தெனியில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. தலைமை தாங்க ஒரு குழு கிடைக்காதா என்று இருபது வருடமாக ஏங்கிக்கொண்டிருந்த மனிதர். கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பாஸ்டர், இது சும்மா கடிதமில்லை. இது எச்சரிக்கை."

"எங்கை எச்சரிக்கை எண்டு போட்டிருக்கு?" என்றார் பாஸ்டர் கிரிகோரி.

"போடேல்லை. அதுதான் எச்சரிக்கை. போட்டிருந்தா பயப்படத் தேவையில்லை."

பாஸ்டருக்கு அது சரியாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அரசியல் விலக்குக் குழு பிறந்துவிட்டது. தலைவர் பிருந்தாபன், செயலாளர் பிருந்தாபன், போசகர் பாஸ்டர்.

குழு முதலில் பாட்டுகளில் கை வைத்தது. யேசுவை ராஜா என்று அழைக்கும் பாட்டுகள் நாற்பத்தேழு இருந்தன. "இது குடியரசு நாடு. இஞ்சை ராஜாவின்ரை தலையை வெட்டினவங்கள். இன்னும் அந்தக் கோவம் இருக்கு," என்று பிருந்தாபன் விளக்கினார். எனவே ராஜா வருகிற இடமெல்லாம் ஐயா என்று மாற்றப்பட்டது. அடுத்த ஞாயிறு இருநூறு பேர் கைதட்டி, கண்ணீர் விட்டு, 'ஐயாதி ஐயா' என்று பாடினார்கள். பிரசங்கத்தில் பார்வோன் வந்தால் 'அந்நாட்டு நிர்வாகி' என்று சொல்ல வேண்டும் என்று பாஸ்டருக்குக் குறிப்புப் போனது. பிறகு குழுவின் பார்வை கதிரைகளில் விழுந்தது. ஆண்கள் வலப்பக்கமும் பெண்கள் இடப்பக்கமும் இருப்பது வழக்கம். வலது, இடது என்று பிரிந்திருப்பதை ஒரு வெளியாள் பார்த்தால் என்ன நினைப்பான்? கதிரைகளைத் திருப்பி அடுக்கி, ஆண்களை முன்னாலும் பெண்களைப் பின்னாலும் இருத்தினார்கள். இதில் அரசியல் எதுவும் இல்லை என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது.

இப்படிப் பின்வரிசைக்குப் போனவர்களில் ஒருவர் பரமேஸ்வரி.

வயது அறுபத்திநாலு. ஊர் வன்னி. பாரிசுக்கு வந்து பதின்மூன்று வருடம். லா ஷப்பெல்லில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் வெங்காயம் உரிக்கிற வேலை. இருப்பது சார்செல்லில், தங்கையின் மகள் கஜானி வீட்டில். ஞானஸ்நானம் எடுத்தபோது பெயரை மாற்றச் சொன்னார்கள். அதற்கு மட்டும் அவர் மசியவில்லை. மகன் தேடி வந்தால் பழைய பெயரைச் சொல்லித்தானே விசாரிப்பான் என்றார்.

அந்த மகன் தவசீலன். 2009ஆம் ஆண்டு மே மாதம், யுத்தம் முடிந்த நாட்களில், பத்தொன்பது வயதில், வட்டுவாகல் பாலத்தடியில், பதிந்துவிட்டு அனுப்புகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி, பரமேஸ்வரி தானே கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் ஆமியிடம் ஒப்படைத்த பிள்ளை. பஸ்ஸில் ஏற்றினார்கள். பிறகு தகவல் இல்லை. ஆணைக்குழு என்றார்கள், போனார். படிவம் என்றார்கள், நிரப்பினார். பதினேழு வருடமாக அவர் செய்துவந்த முழுநேர வேலை அவனைக் கேட்பதுதான். வெங்காயம் இடையில் வந்தது.

இப்போது இதயத்தில் ஒரு வால்வு பழுதாகிவிட்டது. மார்ச் பத்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை ஒப்பிறேசன். வயதையும் சீனி வருத்தத்தையும் வைத்துப் பார்த்தால் எழும்புவதும் எழும்பாததும் பாதிப் பாதி என்று வைத்தியர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். சாவதில் பரமேஸ்வரிக்குப் பெரிய பயம் இல்லை. தான் செத்துப்போனால் தவசீலன் எங்கே என்று கேட்க இந்த உலகத்தில் ஒரு வாய் மிச்சமிருக்காதே என்பதுதான் அவரை நித்திரை கொள்ளவிடாமல் அரித்தது. கஜானி நல்ல பிள்ளைதான். ஆனால் அவள் இங்கே பிறந்தவள், அந்த அண்ணனைக் கண்ணால் கண்டதில்லை. பேச்சு வந்தால், "பெரியம்மா, இல் ஃபோ அவான்சே," என்பாள். முன்னே போக வேண்டுமாம். பிள்ளையை விட்டுவிட்டு முன்னே போய் அங்கே என்ன செய்வது என்று பரமேஸ்வரிக்கு விளங்கவில்லை.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியில் போட்டால், ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அதைப் பெயர் சொல்லி வாசிப்பார். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். அதன்பிறகு அது முழுச் சபையின் வேண்டுதல். எழுதியவர் மறந்தாலும் சபை மறக்கக் கூடாது. ஜெபக்குறிப்பு என்று அதற்குப் பேர். பரமேஸ்வரி அதை நம்பினார். பெப்ரவரி நடுவில் எழுதிப் போட்டார்.

'என்ரை மகன் தவசீலனை நான் என்ரை கையாலை ஆமியிட்டை ஒப்படைச்சனான். அவன் எங்கை ஆண்டவரே. எனக்கு ஒப்பிறேசன். நான் எழும்பாட்டில் சபை அவனைக் கேட்டுக்கொண்டிருக்கவேணும்.'

ஜெபக்குறிப்புகள் இப்போது நேரே பாஸ்டரிடம் போவதில்லை. பிருந்தாபனிடம் போய், பரிசோதிக்கப்பட்டு, 'அரசியல் இல்லை' என்று முத்திரை குத்தப்பட்டு வரவேண்டும். பரமேஸ்வரியின் துண்டு சிவப்புக் கோடுகளோடு திரும்பி வந்தது. ஆளையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இருங்கோ அம்மா," என்றார் பிருந்தாபன். "நல்ல ஜெபம். மூண்டு இடத்திலைதான் பிரச்சினை. ஆமி எண்டிருக்கு. ஆமி ஒரு அரசாங்கத்துக்குச் சொந்தம். அதை எடுக்கவேணும்."

"எடுங்கோ தம்பி."

"ஒப்படைச்சனான் எண்டிருக்கு. ஆமியை எடுத்தாப் பிறகு, ஆரிட்டை ஒப்படைச்சது எண்டு வரும். அதையும் எடுக்கவேணும்."

பரமேஸ்வரி தலையாட்டினார்.

"மூண்டாவது, எங்கை எண்டு கேட்டிருக்கிறியள். அது கேள்வி. கேள்வியெண்டால் ஆரோ பதில் சொல்லவேணும். பதில் சொல்லவேண்டியது அரசாங்கம். அப்ப அது அரசியல்."

"நான் ஆண்டவரையெல்லோ கேக்கிறன்."

"கேக்கிறது ஆண்டவரை. கேட்டுக்கொண்டிருக்கிறது இருநூறு பேர்," என்றார் பிருந்தாபன். அவர் கெட்ட மனிதர் இல்லை. "சபையின்ரை பதிவு போனால் எல்லாம் போச்சு, அம்மா. பிறகு உங்களுக்கு ஜெபிக்க ஒரு இடம் இருக்குமோ?"

சபை கேட்டுக்கொண்டிருப்பதும் கேள்விதான் என்று ஒப்பிறேசன் வரிகளையும் எடுக்க, மிஞ்சியது 'என்ரை மகன் தவசீலனை ஆண்டவரே' என்பது மட்டும்தான். அதிலும் தவசீலன் என்ற பெயரை யாராவது காணாமல்போனோர் பட்டியலில் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடும் என்று 'ஒரு சகோதரன்' ஆக்கி, 'என்ரை மகன்' என்பதை 'ஒரு தாயின்' என்றும் மாற்றினார்கள். 'ஒரு தாயின் ஒரு சகோதரனை ஆண்டவரே' என்று வந்தது. வாசித்துப் பார்த்த பாஸ்டர், இதில் அரசியல் இல்லை, ஆனால் ஜெபமும் இல்லை என்று கவலைப்பட்டார். குறிப்பு மறுபரிசீலனைக்குப் போனது.

கஜானிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பின்னேரம் வேலையால் வந்து, பெரியம்மாவை இலவசச் சட்ட ஆலோசனை சொல்கிற ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மார்கிரட் என்ற வக்கீல் அம்மா கடிதத்தை வாசித்தார், பரமேஸ்வரியின் துண்டைக் கஜானி பிரெஞ்சில் சொல்லக் கேட்டார். பிறகு சொன்னார்: வாக்குக் கேட்பதைத்தான் சட்டம் தடுக்கிறது, ஒரு தாய் தன் பிள்ளைக்காகக் கடவுளிடம் கேட்பதைத் தடுக்க இந்த நாட்டில் யாருக்கும் அதிகாரம் இல்லை. எழுதித் தரமுடியுமா என்று கஜானி கேட்டாள். அப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பரமேஸ்வரி அந்தக் கடிதத்தை மடிக்காமல் டி லைன் ரயிலில் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு மட்டும் அவருக்கு நல்லாப் பசித்தது.

பிருந்தாபன் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். "நாலாவது வரியிலை மனித உரிமை எண்டு எழுதியிருக்கிறா," என்றார். மண்டபத்துக்குள் அரசியல் துண்டுப்பிரசுரம் கொண்டுவந்த முதல் ஆள் என்று பரமேஸ்வரியின் பெயர் குழுவின் கொப்பியில் ஏறியது. கடிதத்தைக் கிழிப்பதும் அரசியலாகிவிடும் என்பதால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலிருந்த அலுமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

மார்ச் முதலாம் திகதி ஞாயிறாவது வாசிப்பார்கள் என்று பரமேஸ்வரி காத்திருந்தார். அன்றைக்கு நேரம் போதவில்லை. மாநகரசபைத் தேர்தலில் நிற்கும் மாக்சிம் என்பவர் வந்திருந்தார். கழுத்தில் மாலை போட்டு, முன்வரிசையில் இருத்தி, ஏலக்காய்த் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

"இவர் வேட்பாளரெல்லோ?" என்று பரமேஸ்வரி பிருந்தாபனிடம் மெல்லக் கேட்டார்.

"வெளியிலை வேட்பாளர். உள்ளுக்குள்ளை விருந்தாளி. சாட்சி சொல்ல வந்திருக்கிறார்."

"ஆண்டவரை அறிஞ்சவரோ?"

"இல்லை. கடவுள் இல்லை எண்டுதான் சொல்லுறவர். அப்பிடிப்பட்டவரே தேடி வந்திருக்கிறார் எண்டால் அது பெரிய சாட்சிதானே."

மாக்சிம் எழுந்து மார்பில் கைவைத்துப் பேசினார். பிருந்தாபன் பக்கத்தில் நின்று தமிழாக்கினார்.

"நான் இங்கே வாக்குக் கேட்க வரவில்லை. அதைச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். இந்தத் தெருவில் வாக்குள்ள தமிழர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்த பிறகு, உங்கள் கலாசாரத்தையும் மிகவும் மதிக்கிறேன். உங்கள் மண்டபம் சிறியது. பெரிய மண்டபங்கள் இந்த நகரத்தில் உண்டு. அவற்றின் திறப்பு யார் கையில் இருக்கும் என்பது தேர்தல் நாளான பதினைந்தாம் திகதி தெரியும்."

வாக்கு என்ற சொல் வந்த இடமெல்லாம் பிருந்தாபன் கவனமாக அன்பு என்று மொழிபெயர்த்தார்; அதைக் காட்டுகிற முறையையும் தானே சேர்த்துக்கொண்டார். ஆகையால் சபைக்குக் கேட்டது இதுதான்: "பதினைஞ்சாம் திகதி எல்லாரும் இவருக்கு உங்கடை அன்பைக் காட்டுங்கோ. காலமை எட்டு மணியிலையிருந்து காட்டலாம். அன்பு காட்டப் போகேக்கை அடையாள அட்டையைக் கொண்டுபோங்கோ. ரெண்டு பேருக்கு அன்பு காட்டினால் அது செல்லாது."

எல்லாரும் ஆமென் சொன்னார்கள். குழுவின் கொப்பியில் 'சாட்சி, 22 நிமிடம், அரசியல் இல்லை' என்று எழுதப்பட்டது. ஜெபக்குறிப்புகள் அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போயின. பரமேஸ்வரிக்கு இனி மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஞாயிறு.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு, கையில் வெங்காய மணத்தோடு குழுவின் முன்னால் போய் இருந்தார். மேசையில் கிரிகோரியும் பிருந்தாபனும். இந்தமுறை அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இருவர் முகத்திலும் சந்தோசம்.

"அம்மா, இனிமேல் ஜெபக்குறிப்பெல்லாம் ஆறு வகை," என்றார் பிருந்தாபன். "வருத்தம், விசா, வேலை, கலியாணம், பயணம், மரணம். இந்த ஆறுக்குள்ளை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை. உங்கடை மகனை நாங்கள் பயணத்திலை போடலாம். அல்லது மரணத்திலை போடலாம்."

"பயணத்திலை போடுங்கோ," என்றார் பரமேஸ்வரி அவசரமாக.

பிருந்தாபன் படிவத்தை எடுத்தார். "வெளிக்கிட்ட இடம்?"

"வட்டுவாகல் பாலம்."

"என்னத்திலை போனவர்?"

"பஸ்ஸிலை."

"ஆரின்ரை பஸ்?"

ஆமி என்ற சொல்லுக்குத்தான் முதலில் சிவப்புக் கோடு விழுந்தது. பிருந்தாபன் அந்த இடத்தைக் காலியாக விட்டார். "பரவாயில்லை. போற இடம்?"

"அதைத்தான் தம்பி நான் கேக்கிறன்."

பேனை நின்றுவிட்டது. பாஸ்டர் கதிரையை இழுத்துக் கிட்டவாக வந்தார். "அம்மா, மரணத்திலை போடுவம். செத்தவைக்கு அரசியல் இல்லை. பேர் சொல்லலாம், படம் வைக்கலாம், பாட்டுக்கூடப் பாடலாம். இவ்வளவு காலத்திலை செத்தவையாலை சபைக்கு ஒரு பிரச்சினையும் வந்ததில்லை."

"அவன் சாகேல்லை."

"அதைச் சொன்னா, அப்ப எங்கை எண்டு வரும். திரும்பவும் அதே கேள்வி."

அவனைச் செத்தவன் என்று எழுதித் தரச்சொல்லி முன்பு ஊரிலும் அரசாங்க ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். சான்றிதழும் காசும் தருகிறோம் என்றார்கள். கையெழுத்துப் போடாமல் எழும்பி வந்தவர் பரமேஸ்வரி. அங்கே மறுத்த கையெழுத்தை இங்கே ஆண்டவரின் வீட்டில், வரிக்கழிவுக்காகக் கேட்கிறார்கள். கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அதையும் கொப்பியில் எழுதுவார்கள். நாளைக்கு வாசிக்காவிட்டால் இனி வாசிக்க நாளில்லை. அந்தப் பெயர் ஒருதரமாவது மனிசர் காதில் விழ வேண்டும்.

"மரணத்திலை பேர் முழுசா வாசிப்பியளோ?"

"முழுசா. அப்பாவின்ரை பேரோடை."

"சரி," என்றார் பரமேஸ்வரி.

"நன்றி அம்மா. செத்த திகதி?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"ஒரு திகதி இல்லாமல் படிவம் செல்லாது. கடைசியாக் கண்ட நாளைப் போடுவமோ?" என்ற பிருந்தாபன் உடனே நாக்கைக் கடித்தார். "இல்லை, அது மே மாதம். மே முழுக்க வேண்டாம், யுத்தத்திலை செத்தவைக்குச் சனம் விளக்கு வைக்கிற மாதம். வேறை ஏதும் ஒரு நாள் சொல்லுங்கோ."

"நீங்களே பாத்துப் போடுங்கோ."

குழு நாட்காட்டியை எடுத்தது. யூலை வேண்டாம், தமிழரின் கடைகளை எரித்த மாதம். நவம்பர் சொல்லவே தேவையில்லை, செத்த போராளிகளை நினைக்கிற மாதம். செப்டெம்பரில் ஒருவர் பட்டினி கிடந்து செத்திருக்கிறார். ஒக்ரோபரில் ஆஸ்பத்திரிக்குள் சுட்டிருக்கிறார்கள். ஓகஸ்டில் பள்ளிப்பிள்ளைகள் மேல் குண்டு விழுந்தது. ஜனவரியில் ஒரு தமிழ் மாநாட்டில் ஆட்கள் செத்தார்கள். பெப்ரவரியில் இலங்கையின் சுதந்திர தினம். இருவரும் தாள் தாளாகப் புரட்டினார்கள். அரசியல் கலவாமல் ஒரு ஆள் செத்துப்போக ஏற்ற நாள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பாஸ்டர் நெற்றியைத் துடைத்தார்.

"வாற செவ்வாய்க்கிழமை எண்டு போடுங்கோ," என்றார் பரமேஸ்வரி.

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அம்மா, அது இன்னும் வரேல்லையே."

"ஓம். அதாலைதான் அண்டைக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்லை. நான் எழும்பினால் வந்து திகதியை மாத்தித் தாறன். எழும்பாட்டில் அதுதான் சரியான திகதி."

பிருந்தாபன் விதிகளை ஒருமுறை வாசித்தார். திகதியில் அரசியல் சம்பவம் எதுவும் இருக்கக் கூடாது என்று இருந்தது. அது கடந்துபோன திகதியாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. முத்திரையில் ஊதி ஈரமாக்கி, அழுத்திக் குத்தினார். நல்லதொரு காரியம் முடிந்த நிம்மதியில் பாஸ்டர், பரமேஸ்வரியின் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஐயாதி ஐயா பாடி முடிந்தபின், பாஸ்டர் குறிப்புகளை வாசித்தார். மூன்று விசா, இரண்டு கலியாணம், வாகன அனுமதிப்பத்திரப் பரீட்சை ஒன்று. கடைசித் துண்டையும் அதே வேகத்தில் எடுத்தார்.

"வருகிற செவ்வாய்க்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடையும் தம்பி தர்மராசா தவசீலனுக்காக."

இருநூறு பேர் ஆமென் சொன்னார்கள். ஒருவருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. பதினேழு வருடத்துக்குப் பிறகு மகனின் முழுப்பெயரை வேறொரு வாய் சொல்லக் கேட்டபோது பரமேஸ்வரிக்கு உடம்பெல்லாம் ஒருமுறை சந்தோசம் ஓடியது. அதன்பின் தான் செய்தது என்னவென்று விளங்கி, முன்கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த மிருணாளினி, மரக்கறிக் கடைக்காரி, இளகிய மனசுக்காரி, காதோடு குனிந்தாள். "அக்கா, பொடியனுக்கு என்ன வருத்தம்? டொக்டர்மார் நாளே குறிச்சுப்போட்டினமோ?"

"ஓம்."

"எத்தினை மணிக்காம்?"

"காலமை எட்டு மணிக்கு என்னை ஒப்பிறேசனுக்குக் கொண்டுபோவினம்," என்றார் பரமேஸ்வரி. "அதுவரைக்கும் அவனைத் தேட ஆள் இருக்கு, பிள்ளை."